ஆகாயத்தாமரைக்குள் ஒரு படகு

போன வாரம் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே ஈரக் களிமண் வாசனை. சட்டென்று எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. பீங்கான் பட்டறையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். நான் வரைந்த பிள்ளையார்களில் பாதிப் பேருக்கு மாறுகண். அதை விடுங்கள், சொல்ல வந்தது எங்கள் ஏரிப் பூங்காவைப் பற்றி.

ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் விட்ட ஏரி அது. பாசனம் நின்றபின் கரையில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்தன. சூளையில் கோணிப்போன ஓடுகளைப் பதித்து நடைபாதை போட்டார்கள். கடைசியாக வந்தவை மிதிபடகுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ராஜி அக்காவும் போனோம். பட்டறையில் எனக்குப் பக்கத்து இடம் அக்காவுக்கு. கணவரை விட்டுத் தனியாக வந்தவர். படகுக்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“கூட ஆம்பள யாரும் வரலீங்களா? பொம்பளைங்கள மட்டும் ஏத்தக் கூடாதுங்க.”

“எங்க எழுதியிருக்குது? காட்டுங்க.”

“எழுதலீங்க. வழக்கம் அப்படி.”

“எழுதாததுக்கு நாங்க ஏங்க நிக்கணும்? ஏறுடி!” என்று என்னைத் தள்ளி ஏற்றிவிட்டு, அக்காவே கயிற்றை அவிழ்த்தார்.

எனக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்பதை நடு ஏரியில்தான் சொன்னார். படகு இரண்டு முறை வட்டமடித்து ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கரையில் கூட்டம், சிரிப்பு, விசில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இருங்க, நான் வந்து இழுக்கறேன்!” என்று கத்தினார் படகுக்காரர்.

“வேணாங்க! நாங்களே வந்துடுவோம்!” என்றார் அக்கா.

கொடிகளைக் கையால் பிய்த்துப் பிய்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் கரை சேர்ந்தோம்.

மறுநாள் பட்டறையில் மேஸ்திரி, “குடும்பப் பொண்ணுங்க செய்யற வேலையா இது?” என்றார். அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. “அடுத்த வாரம் நீங்களும் வாங்கண்ணே, எடம் இருக்குது.”

மேஸ்திரி வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு படகுத்துறையில் பதினோரு பெண்கள் வரிசையாக நின்றோம். படகுக்காரர் ஒன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

இன்று ஏரியில் பாதி கட்டடங்களாகிவிட்டது. படகுத்துறை இருந்த இடத்தில் செல்போன் கடை. பட்டறையை மூடிவிட்டார்கள். ராஜி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லாம் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போனது அந்த எழுதாத வழக்கம்தான். அது தானாகப் போகவில்லை. நாங்கள் மிதித்துப் போக்கினோம்.