தரையில் வைத்த காப்பி

ஹம்தாவுக்கு யாரும் வண்டி ஓட்டக் கற்றுத்தரவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆளில்லாத ஒரு கோடையில் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள், மணலில் புதைந்தாள், டயரில் காற்றை இறக்கினாள், போய்ச் சேர்ந்தாள். அவ்வளவுதான்.

கணவன் அவ்வாத் பாறையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபின் அந்த வண்டியை நம்பித்தான் குடும்பம். ஆனால் ஜோர்டானின் அந்தத் தெற்குப் பாலைவனத்தில் வண்டி இருந்தால் மட்டும் போதாது. சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் வரும் பயணிகளை ஏற்றிப்போக ‘முறை’ வேண்டும். யாருக்கு முறை என்பதை ஓட்டுநர்களின் தலைவர் அபூ நாயிஃப்தான் சொல்வார். அவ்வாத் விழுந்ததும் அந்த வீட்டு முறையும் விழுந்தது.

“ஆம்பள இல்லாத வண்டிக்கு முறை எதுக்கு மதனி? பேசாம எங்கிட்ட வித்துடுங்க” என்றான் கொழுந்தன் முத்லக்.

“ஏன்டா, நீ கியரக் கையால போடுறியா, மீசையால போடுறியா?” என்றாள் ஹம்தா.

பக்கத்து வீடுவரை சிரித்தது. முறை மட்டும் வரவில்லை. அவளும் விடுவதாக இல்லை. தினமும் மாலையில் ஊர் வாசலில் ஆண்களின் வண்டிகளுக்குப் பக்கத்தில் தன் வண்டியையும் நிறுத்திவிட்டு, தலைத்துணியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெறும் வண்டியாகத் திரும்புவாள். மறுநாளும் வருவாள்.

ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கிய நரைத்த போலந்துக்காரி ஒருத்தி, வரிசையாக நின்ற மீசைகளைப் பார்த்தாள், ஹம்தாவைப் பார்த்தாள், நேராக வந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எறங்கச் சொல்லுங்க அவள!” வரிசையில் தன் வண்டியோடு நின்ற முத்லக் கத்தினான்.

“நீயே சொல்லு. எனக்கு அவ பாஷை தெரியாது.”

சமாளிக்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். சொல்ல மனமில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

சிவந்த மணல்மேட்டின் அடியில், எல்லா வண்டிகளும் போய் நிற்கிற இடத்தில், அபூ நாயிஃப் தீ மூட்டியிருந்தார். வருகிறவர்களுக்கு அவர் கையாலேயே காப்பி ஊற்றுவார். நல்ல அங்கி, இடக்கையில் நீளமூக்குக் கெண்டி, வலக்கையில் கோப்பைகள். வலப்பக்கம் தொடங்கி ஒருவரையும் தாண்டாமல் வட்டமாக வருவார். போன்கள் அவரையே படம் பிடிக்கும். அதில் அவருக்குக் கொள்ளை ஆசை. ஓட்டுநர்கள் வண்டியோரம் நின்றுகொள்வதுதான் வழக்கம். ஹம்தா நிற்கவில்லை. வட்டத்தில், போலந்துக்காரியை ஒட்டி உட்கார்ந்தாள்.

அபூ நாயிஃப் அவள் முன்னால் வந்து தயங்கினார். இத்தனை பேர் பார்க்க ஓர் ஆளைத் தாண்டிப்போனால் கெண்டிக்கே அவமானம். ஊற்றிக் கொடுத்தார். அங்கேதான் சறுக்கினார்.

ஹம்தா குடிக்கவில்லை. கோப்பையைத் தன் முன்னால் மணலில் வைத்தாள்.

வண்டியோரப் பேச்சு நின்றது. காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்த விருந்தாளிக்கு ஏதோ வேண்டும் என்று பொருள். அதைக் கொடுக்காமல் ஊற்றியவர் எழுந்துபோக முடியாது. மகனுக்குப் பெண் கேட்பதும் அப்படித்தான், கொலைப்பழியை முடித்துவைப்பதும் அப்படித்தான். ஆனால் அதுவரை எந்தப் பெண்ணும் கோப்பையைக் கீழே வைத்ததில்லை.

“குடி புள்ள” என்றார் அபூ நாயிஃப், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எனக்கு ஒண்ணு வேணும் பெரியப்பா.”

முத்லக் ஓடிவந்தான். “பொம்பள வச்ச கோப்பையெல்லாம் கணக்குல வராது! எடுத்துக் கொட்டிட்டு வாங்க.”

“அப்ப எதுக்கு ஊத்துனீங்க?” ஹம்தா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. “பொம்பளன்னு தெரிஞ்சுதான ஊத்துனீங்க? ஊத்தும்போது விருந்தாளி, கேக்கும்போது யாரோவா? இனிமே உங்க காப்பிய எவன் மதிச்சுக் குடிப்பான்?”

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. போலந்துக்காரி ஹம்தாவின் கோப்பையைப் பார்த்தாள். இதுதான் இந்த ஊர் மரியாதை போலும் என்று நினைத்துத் தன் கோப்பையையும் கீழே வைத்தாள். கசப்புத் தாங்காமல் முழித்துக்கொண்டிருந்த பக்கத்து ஆள் நிம்மதியாக வைத்தான். அடுத்தவர், அதற்கடுத்தவர். வட்டம் முழுக்கக் கோப்பைகள் மணலில் உட்கார்ந்துவிட்டன.

“பெரியப்பா, எத்தன பேருக்கு வரம் குடுக்கப்போறீங்க?” ஓர் ஓட்டுநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அபூ நாயிஃபின் காது சிவந்தது. “என்ன வேணும்? சொல்லித் தொலை.”

“என் வண்டிக்கு முறை.”

“சரி. அவ்வாத் பேர்ல இருக்கட்டும். நீ ஓட்டிக்க.”

நல்ல பேரம். வேறு யாராக இருந்தாலும் கோப்பையை எடுத்திருப்பார்கள்.

“ஓட்டுறது நான். என் பேர்ல.”

“சரி, உம்மு ஸாலிம் பேர்ல.”

“ஸாலிமுக்கு அம்மாதான், இல்லங்கல. என் பேரு அது இல்ல.”

பிற ஆண்கள் முன்னால் ஒரு பெண்ணின் பெயரை உச்சரிப்பது அங்கே வழக்கமில்லை. அபூ நாயிஃப் தீயைப் பார்த்தார், போன்களைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “நாளைக்கு முத்லக். அவனுக்கு அடுத்து ஹம்தா” என்றார்.

அவள் கோப்பையை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள். காலிக் கோப்பையை இரண்டு தரம் ஆட்டிக் கொடுத்தால், ‘போதும்’ என்று பொருள். ஹம்தா ஆட்டவில்லை. அப்படியே நீட்டினாள்.

அபூ நாயிஃப் மறுபடி ஊற்றினார்.