ஞாயிறு அல்லாத நாளில் அடித்த மணி

ரூபிக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுக்கத் தொடங்கிய அந்த மத்தியானம், எங்கள் வீட்டைச் சுற்றி நாலாபக்கமும் வெள்ளம். சபையாரே, பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கையைப் பிசைவது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்று இந்தப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது நாங்கள் பத்து தீகா என்ற ஊருக்கு அப்பால், கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதை ஓரத்தில் ஒரு மேட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பக்கத்திலேயே அத்தாப்பு ஓலை வேய்ந்த எங்கள் கோயில். மழை வந்தால் பாதிப் பேர் குடை பிடித்துக்கொண்டு பாடுவோம். என் வீட்டுக்காரர் சுருதி தப்பாமல் பாடி நான் கேட்டதில்லை, ஆனாலும் அந்தப் பாட்டுக்கு இப்போதும் மனம் ஏங்குகிறது.

எங்களுக்கு மணி கிடையாது. தேய்ந்துபோன தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ரம்புத்தான் மரத்தில் தொங்கவிட்டிருந்தோம். சுத்தியலால் அடித்தால் வெகுதூரம் கேட்கும். ஞாயிறு காலையில் ஒரு தடவை, ஆராதனை தொடங்கும்போது ஒரு தடவை அடிப்போம். மற்ற நாளில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

முந்தின நாள் வீட்டுக்காரர் போதகரைப் பார்க்கக் கோலாலம்பூர் போயிருந்தார். ஆறு பெருகியதும் ரயிலை நிறுத்திவிட்டார்கள், அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ரூபிக்கு நாலு வயது. சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், தொண்டைக்குள் வெள்ளையாகப் படலம். தொண்டை அடைப்பான் என்று புரிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் அதே நோயில் ஒரு குழந்தை போனதை நான் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரி இருப்பது கிள்ளானில். பாதையோ தண்ணீருக்குள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளாதிரும் என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கே ஜெபிக்க வரவில்லையே, ஜெபிக்கத் தெரிந்தவர்களையாவது கூப்பிடுவோம் என்று தோன்றியது. என் மனதில் இருந்தவர் எங்கள் சபை மூப்பர். ஜெபத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, நீளத்திலும்தான். ரூபியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்த இரும்பை விடாமல் அடித்தேன். கை மரத்துப்போகும்வரை அடித்தேன்.

சபையார் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ரப்பர் மரங்களின் இடுப்புவரை தண்ணீர் நின்றது. ஆண்டவர் கைவிட்டார் என்றே நினைத்தேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை.

அப்போது தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பாதை பழுது பார்க்கும் ஆட்கள் தள்ளுவண்டியில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து இறங்கினார்கள். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி, எங்கே கரை உடைந்தது என்று கேட்டார். அவர்கள் குடியிருக்கும் லயத்திலும் அதேபோல ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறதாம். விடாமல் அடித்தால் பாதையில் ஆபத்து என்று அர்த்தமாம். வெள்ளத்தில் எந்நேரமும் கரை உடையலாம் என்று காத்திருந்தவர்கள், என் மணியைக் கேட்டு, யாரோ பாதைக் காவல்காரன் அடிக்கிறான் என்று பதறி வந்திருக்கிறார்கள்.

நான் ரூபியை நீட்டிக் காட்டினேன். முனியாண்டி ஒரு பார்வை பார்த்தார். கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றையும் கீழே தள்ளச் சொல்லிவிட்டு என்னை வண்டியில் ஏற்றினார்.

தாழ்வான இடங்களில் தண்டவாளமே தெரியவில்லை. ஒருவர் கழியால் தட்டிப் பார்த்தபடி முன்னால் போக, மற்றவர்கள் முழங்கால் தண்ணீரில் காலால் தண்டவாளக் கட்டையைத் தேடித் தேடித் தள்ளினார்கள். நான் தேம்பி அழுதேன். அப்போது முனியாண்டி சொன்னார்:

"அழுவாதீங்க வாத்தியாரம்மா. நீங்க உங்க சாமிய கும்பிட்டுக்கிட்டே வாங்க. தள்றத நாங்க பாத்துக்கிறோம்."

கிள்ளானில் டாக்டர் என் பிள்ளையின் தொண்டையில் சிறு துளை போட்டு மூச்சுக்கு வழி செய்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். பிழைத்தாள். அதோ, பாடகர் வரிசையில் தழும்பு தெரியாமல் கழுத்தைச் சுற்றிச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். அப்பாவைப் போல இல்லை, சுருதியோடு பாடுவாள்.

வெள்ளம் வடிந்த பிறகு வாழைத்தாரும் பலகாரமும் எடுத்துக்கொண்டு நாங்கள் லயத்துக்குப் போனோம். அடித்தது எங்கள் கோயில் மணி என்று தெரிந்திருந்தால் வந்திருப்பீர்களா என்று முனியாண்டியிடம் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"வந்திருக்க மாட்டோம்மா. ஞாயித்துக்கிழம தவறாம அடிக்கிறீங்க, என்னைக்காவது வந்தோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். நான் ஜெபிக்கிறவர்களைக் கூப்பிட்டேன். ஆண்டவரோ தள்ளுகிறவர்களை அனுப்பினார். அன்றுமுதல் இன்னாரை அனுப்பும், இப்படிச் செய்யும் என்று அவருக்கு யோசனை சொல்வதை விட்டுவிட்டேன்.

உங்களில் யாருக்காவது இன்று நாலாபக்கமும் தண்ணீர் சூழ்ந்திருந்தால், கூப்பிடுங்கள். கை ஓயும்வரை கூப்பிடுங்கள். வருகிறவர் உங்கள் சபையாராக இல்லாவிட்டாலும் ஏறிக்கொள்ளுங்கள்.