தூண் தலையில் ஒரு பொந்து

என் வீட்டுக்காரர் வடக்கே கம்பி கட்டும் வேலைக்குப் போயிருந்தபோது அங்கே பூகம்பம் வந்தது. கூட வேலை செய்தவர்கள்மேல் மாடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இவர் குளிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். ஊர் திரும்பியவர் அதன்பிறகு கூரைக்குக் கீழே படுக்கவே இல்லை. மண்ணூர்பேட்டையில் எங்களுக்கு நல்ல ஓட்டு வீடு. பனியோ மழையோ, அவர் வாசலில் கிடப்பார்; நானும் கைக்குழந்தையும் உள்ளே. என்ன சண்டை என்று கேட்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் ஓய்ந்துபோனது.

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் மூன்று மாடிக் காங்கிரீட் கட்டிடம் ஒன்று எழும்பியது. எங்கள் ஜனம் அவ்வளவு உயரத்தை அதற்குமுன் கோபுரத்தில்தான் பார்த்திருந்தது. அவர் அங்கே கம்பி கட்ட, நான் சித்தாள். பூமி ஆடினால் தூண் முறிவது தலையிலும் காலிலும்தான், அங்கெல்லாம் கம்பியைச் சுற்றும் வளையங்களை நாலு விரல் இடைவெளியில் நெருக்கிக் கட்டுங்கள் என்றார் இஞ்சினியர். மெட்ராஸ் மண்ணாவது ஆடுவதாவது என்று மேஸ்திரி சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கட்டிடம் முடியட்டும், அதற்குள் ஒருநாள் படுத்துப் பார்க்கிறேன், பிறகு நம் வீட்டுக்குள்ளும் வருகிறேன் என்று வழியில் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் நாலு விரல் அவருக்குப் போதவில்லை. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சாரத்தில் ஏறி, வளையங்களுக்கு நடுவே வளையமாகக் கட்டிக்கொண்டே இருந்தார். கூடை முடைவதுபோல இருந்தது. சாப்பிட வா என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. சாப்பாடு முடிந்ததும் பலகை அடைத்துக் கலவை கொட்டினோம்.

பலகை பிரித்த அன்று பார்த்தால், தூணின் உடம்பு வழவழவென்று இருந்தது. தலையில் மட்டும் கை நுழைகிற பொந்துகள். வளையங்களுக்கு நடுவே ஜல்லி இறங்க இடமில்லாமல் மேலேயே சிக்கிக்கொண்டது. இஞ்சினியர் திட்டவில்லை, உடைத்துவிட்டு நாலு விரல் விட்டே கட்டுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. இவர் பொந்துக்குள் கையை விட்டபடி நின்றிருந்தார்.

சாயந்திரம் தூறல். வீட்டுக்கு வந்ததும், நான் உள்ளே தூங்கப் போட்ட குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே கிளம்பினார். நான் குறுக்கே நின்றேன். குழந்தைக்கு ஏற்கெனவே சளி. உன் பைத்தியத்தை உன்னோடு வைத்துக்கொள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன்.

"பாத்துப் பாத்து நான் கட்ன தூணே உள்ள பொந்தா கீது மே," என்றார். "இந்த ஊட்ட எவன் கட்னானோ, நமக்கு இன்னா தெரியும்?"

அத்தனை நாள் அந்தக் கூரைக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கியவள், அன்றுதான் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தேன். பிறகு கோணிச் சாக்கு ஒன்றை எடுத்துக் குழந்தையின் தலையில் போர்த்திவிட்டு, நானும் அவர் பின்னாலேயே தூறலில் இறங்கினேன்.