ஸ்டோர் ஜன்னலில் ஓர் ஆசாரியர்

தோள்துண்டை மடித்து இடது உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் வலது கையைக் குழித்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி குனிந்து போல்ட்டுகளை வாங்குகிறார் ஃபிட்டர் வீரமலை. பொன்மலை ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் இது அன்றாடக் காட்சி. பின்னால் நிற்பவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

"இது நட்டு, போல்ட்டு ஓய்! சாதாரணமா வாங்கிண்டு போமேன்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து சீறுகிறார் கிளார்க் சடகோபன். கிராப்பு, பேன்ட், வீரமலையைவிட வயதில் சின்னவர். அடுத்த மேஜையில் இருக்கும் நான் தலை நிமிர்வதில்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன்.

சடகோபன் ஸ்ரீரங்கத்தில் ஆசாரியர் வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா சாப்பிட்டு மீந்ததைப் பிரசாதமாக வாங்கச் சீடர்கள் காத்து நின்ற வீடு. தொட்டியத்து வீரமலை தோளில் சங்கு சக்கர முத்திரை பெற வந்த அன்று பெரியவருக்குக் காய்ச்சல். பிள்ளையே முத்திரை வைத்து மந்திரம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வீரமலைதான் முதல் சீடர். கடைசிச் சீடரும் அவர்தான். பெரியவர் போனதும் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டு ரயில்வேக்கு வந்தார். வந்த இடத்தில் சீடர் நிற்கிறார்.

வீரமலை தினமும் வேலைக்கு முன் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று குருபரம்பரை சொல்வார். முதலில் சடகோபன், பிறகு அவர் அப்பா, அப்பாவின் ஆசாரியர் என்று மேலே ஏறி, உடையவரைத் தொட்டு, ரங்கநாதரிடம் முடிப்பார். நடுவில் யாராவது பேச்சுக்கொடுத்தால் மறுபடியும் சடகோபனிலிருந்து ஆரம்பம். உரக்கச் சொல்வதால் ஒர்க்‌ஷாப்பே இப்போது சடகோபனை 'சாமி' என்று கூப்பிடுகிறது.

"என் பேரை விட்டுடும் ஓய். அப்பாவிலேர்ந்து ஆரம்பியும்."

"எப்படிங்க சாமி? நான் கடைசிப் பெட்டிங்க. முன்னால இருக்கற கப்ளிங்கைக் கழட்டிட்டா இஞ்சின் சீரங்கம் போயிடும், நான் இங்கயேதான நிக்கணும்?"

போன வாரம் சடகோபன் ஒரு முடிவோடு வந்தார். முத்திரை வாங்கிய நாளாக வீரமலை வெங்காயம் தொட்டதில்லை. மனைவி வெள்ளையம்மாளையும் அதைச் சமைக்க விட்டதில்லை. சடகோபன் கேன்டீனிலிருந்து வெங்காய வடை வாங்கி வந்து, ஜன்னலில் வீரமலை நிற்கும்போது ஒரு கடி கடித்தார்.

"நன்னா பாரும். இன்னுமா நான் உமக்கு ஆசாரியன்?"

வீரமலையின் முகம் சுண்டிப்போயிற்று. சடகோபன் மிச்ச வடையை இலையோடு ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

வீரமலை தோள்துண்டை மடித்து இடது உள்ளங்கையில் விரித்தார். மிச்ச வடையை வலது கையில் ஏந்தி, கண்களில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டுக்கொண்டார்.