காற்று பார்க்கிறவள்

கட்டின பெண்டாட்டி பேச்சைக் காதில் வாங்காத மனுஷன், இன்னொருத்தி கையைக் காட்டினால் அப்படியே நிற்கிறார் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கு நன்றாகவே எரிந்தது.

மட்டாஞ்சேரியில் மீன்பிடிப் படகுகளைப் பழுதுபார்க்கும் யார்டில் என் வீட்டுக்காரருக்கு வேலை. படகின் அடியில் மீன் கொட்டிவைக்கும் அறைக்குள் இறங்கி, அழுகின தண்ணீரையும் சேற்றையும் வாரிக் கழுவ வேண்டும். அந்த அழுகலிலிருந்து விஷக்காற்று கிளம்பும். இறங்கினவனுக்குச் சத்தம் போடக்கூட நேரம் இருக்காது. அதைப் பார்க்கத்தான் களமசேரியிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். கையில் ஒரு மீட்டர். அதன் குழாயை மேலே, நடுவில், அடியில் என்று விட்டுப் பார்த்து அவள் சரி என்றால்தான் இறங்கலாம்.

மதியச் சோறு கொண்டுபோகும்போது பார்ப்பேன். "இறங்கண்டா சேட்டா" என்பாள். வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார். இதே ஆளிடம் பீடியை விடச்சொல்லி நான் கரடியாய்க் கத்தியிருக்கிறேன்! வீட்டிலும் அவள் புராணம்தான்.

"மூடுன அறைய மறுபடி தொறந்தா, மறுபடியும் காத்து பாக்கணும்னு மேடம் சொல்லிருக்காங்க புள்ள."

"அப்ப உங்க மேடமே வந்து சோறு போடட்டும்" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு நான் போனபோது மழை விட்டிருந்தது. காலையில் அவள் காற்று பார்த்துத்தான் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். மழைக்காக அறையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இப்போதுதான் திறந்தார்கள். அவளைக் காணோம், தள்ளி நின்ற வேறொரு படகில் இருந்தாள். படகுக்காரர் அவசரப்படுத்தினார். "ராவிலே நோக்கியதல்லே!" காலையில்தான் பார்த்தாயிற்றே என்று இவரும் ஏணியில் கால் வைத்துவிட்டார்.

சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "ஏங்க, இறங்காதீங்க! மறுபடி பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈயை விரட்டுவதுபோல் கையை ஆட்டினார். இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டார். பாவி மனுஷா!

"மேடம் வேண்டாங்குறாங்க! மேடம் கூப்பிடுறாங்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

நின்றார். மடமடவென்று மேலே ஏறி வந்தார்.

சத்தம் கேட்டு அவளும் ஓடி வந்தாள். குழாயை உள்ளே விட்டாள். மேலே ஒன்றுமில்லை. அடிக்குப் போனதும் மீட்டர் வீறிட்டது.

"நல்லவேளை நீங்க கூப்பிட்டீங்க மேடம்" என்றார் இவர்.

அவள் விழித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று தலையசைத்தேன். கூப்பிட்டது அவளில்லை என்று தெரிந்தால், இனி அவள் பெயரைச் சொல்லி நான் கத்தினாலும் இந்த ஆள் நிற்கமாட்டாரே.

புரிந்துகொண்டாள். "ஆ சேட்டா, ஞானா விளிச்சது." கூப்பிட்டது தான்தான் என்று, கூசாமல்.

ராத்திரி சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார். "இன்னைக்கு மேடம் குரல் குடுக்கலன்னா நான் இல்ல புள்ள."

"ஆமா, மகராசி நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க அவர் தட்டில் ஊற்றினேன்.