குடிக்கக் கொஞ்சம் காய்ச்சின தண்ணி

இந்த ஊரில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். இங்கிலாந்துக்கு வந்து நான்கு வருடமாகியும் என் கை கெட்டிலைத் தேடித்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் சிலர், தனியே வசிக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருகிறோம். சம்பளமில்லாத வேலை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்ததும் நான் குடிக்கத் தண்ணீர் கேட்பேன், காய்ச்சியதாக. இதையெல்லாம் கவனித்துவந்த எங்கள் பொறுப்பாளர் ஜேனட் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "உனக்குச் சர்க்கரை இருக்கிறதா? சோதித்துப் பார்த்தாயா?" என்றாள். இல்லை என்றேன். மறுவாரம் பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பரிசளித்தாள். அது இன்னும் காரின் பின்சீட்டில் காலியாகவே கிடக்கிறது.

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் ரெஜினா, பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வறுத்தெடுத்துவிடுவார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்குச் சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்து, வடிந்தபின் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. லீவு நாளில் எங்களை அங்கே இழுத்துக்கொண்டு போனார். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தினோம். "இன்னா சிஸ்டரு, கெரசின் உங்க வூட்லேர்ந்தா வருது?" என்று கேட்டாள் முனியம்மா. மணலியில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். மேட்ரன் அவளோடு வாதாடவில்லை. உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, "அடுத்த ஞாயிறும் வருவேன்மா. எனக்குக் குடிக்கக் கொஞ்சம் காய்ச்சின தண்ணி வை" என்றார். அடுத்த ஞாயிறு வைத்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேட்ரன் எங்களுக்கும் வேலை கொடுத்தார். "வர்றவளுக்காகக் காய்ச்சுறவ, புள்ளைங்களுக்கும் அதையேதான் ஊத்துவா. ஆளுக்கொரு தெரு. போங்க, தண்ணி கேளுங்க. கேக்க ஆள் வரலன்னா அடுப்பு அணைஞ்சிடும்." முனியம்மா தெரு என் பங்குக்கு வந்தது. திட்டிக்கொண்டே போன நாங்கள், மேட்ரன் ரிட்டயர் ஆனபின்பும் போய்க்கொண்டிருந்தோம். புதிதாக டியூட்டியில் சேரும் பெண்களையும் செல்வி சேர்த்துக்கொண்டாள். செல்வி என் வார்டுக்காரி, என் தோழி.

எனக்கு விசா வந்தபோது மேட்ரன் சந்தோஷமாகத்தான் வழியனுப்பினார். கேட்டது ஒன்றுதான்: "உன் தெருவுக்கு யாரு?" யாராவது கிடைப்பார்கள் மேட்ரன் என்றேன். யாரும் கிடைக்கவில்லை. வீங்கிய முழங்காலோடு அவரே போனார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, காலிங் கார்டைச் சுரண்டிச் செல்விக்குப் போன் போட்டேன். சடையங்குப்பத்தில்தான் இருந்தாள். "மேட்ரனுக்கு முட்டி சுத்தமா போச்சுடி விமலா. தெருமுனைல சேர் போட்டு உக்காந்துகினு எங்கள வெரட்டிகினு கீது. உன் தெருவுக்குத்தான் இன்னும் ஆள் இல்ல." பக்கத்தில் நின்ற முனியம்மா போனை வாங்கினாள்.

"சிஸ்டரு, நல்லா கீறியா? மத்த வூட்ல வுட்டுட்டாங்க. நான் மட்டும் ஞாயித்துக்கெயம ஆனா காய்ச்சி வெச்சிகினுதான் கீறேன். கேக்கத்தான் யாரும் வர்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. இங்கே என்னைத் தங்கமானவள் என்கிறார்கள். சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. மேட்ரன் எனக்குக் கொடுத்ததை அந்தத் தெருவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, கேட்காத ஊரில் பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

அன்றும் கட்டு மாற்றப் போனேன். முதல் வீடு டெரெக்குடையது. ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர். மணியடித்ததும் கண்ணாடித் தம்ளரோடு வந்து கதவைத் திறந்தார். "நீ கேட்பாய் என்று தெரியும். காலையிலேயே கொதிக்கவைத்து ஆறவைத்துவிட்டேன்" என்றார் பெருமையாக.

வாசலில் நின்றபடியே வாங்கி முழுவதும் குடித்தேன். சடையங்குப்பத்தில் அப்போது சாயங்காலம் ஆகியிருக்கும். முனியம்மா வீட்டில் எனக்காக மூடிவைத்த சொம்பைத் திறந்து, தண்ணீரை மறுபடி பானையில் ஊற்றிக்கொண்டிருப்பாள்.