நெவேனா கேட்ட அச்சு

லியூபென் சோம்பேறி இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பெரிய எரிச்சல். சோம்பேறி என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவன் ஓயாமல் வேலை செய்பவன். கம்பளி ஆலையில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியன். ஆலை மூடிய பிறகும் காலை ஏழு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்கு இறங்கிவிடுவான்.

காப்ரோவோவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் வரிசையாகக் கராஜ்கள். காரை மழையில் நிறுத்திவிட்டு உள்ளே வேறு எதையாவது வைத்திருப்போம். என்னுடையதில் ஊறுகாய் ஜாடிகளும் ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றும். பக்கத்துக் கராஜில் லியூபெனின் சி.என்.சி. மெஷின். கணினியில் படம் வரைந்து கொடுத்தால் சுழலும் கத்தி தானாக நகர்ந்து மரத்தில் செதுக்கும். பெட்டி பெட்டியாக உதிரிகள் வாங்கி அவனே பூட்டியது. ஒன்பது வருஷத்தில் அது செதுக்கிக் கொடுத்தது கராஜ் கதவுக்கு ஒரு எண் பலகை. அதிலும் ஏழு என்ற எண் கோணல்.

அந்த மெஷினை வாங்க நெவேனாவிடம் அவன் சொன்ன காரணம் அச்சு. நெவேனா அவன் மனைவி. ஆலை கேண்டீனில் ரொட்டி சுட்டவள். எங்கள் கட்டடத்தில் யார் செத்தாலும் நாற்பதாம் நாளுக்கும் ஆறாம் மாசத்துக்கும் கல்லறைக்குக் கொண்டுபோகிற ரொட்டி அவள் அடுப்பிலிருந்துதான் வரும். மாவின் மேல் மர அச்சை அழுத்தினால் சிலுவையும் எழுத்தும் பதியும். அவளுடைய அச்சு நடுவில் பிளந்துவிட்டது. கம்பி சுற்றி வைத்திருந்தாள். கோயில் கடையில் புதிது வாங்கிக்கொள்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினவளை லியூபென்தான் வாசலில் மறித்தான். வீட்டிலேயே மெஷின் வரப்போகிறது, கடையில் போய்க் காசைக் கொட்டுவாயா என்றான். பூனை நுழையும்போது அறைச் சூடு வீணாகாமல் கதவு சீக்கிரம் சாத்தட்டும் என்று அதன் வாலை வெட்டின கஞ்சர்கள் என்று நாடே எங்கள் ஊரைச் சொல்லிச் சிரிக்கும். சிரிப்பதில் தப்பில்லை.

மெஷின் வந்தது. மேஜையின் கோடியில் கத்தி இடிக்காமல் நிறுத்த ஓரத்துக்கு ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது தப்பாக வேலை செய்தது. கத்தி நடுவிலேயே இருக்கும்போது, கோடி வந்துவிட்டது என்று நின்றுவிடும், பத்துத் தடவைக்கு ஒரு தடவை. காரணம் எங்கள் ஊர்ச் சிக்கனம்தான். ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய டெலிபோன் வயரை சுவிட்சுகளுக்கு இழுத்து, அதை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தான். மோட்டார் ஓடும்போது எழுகிற மின் அதிர்வு பக்கத்து வயருக்குள் ஏறி, சுவிட்ச் அடித்த மாதிரியே காட்டியது. நின்றால் திரும்ப ஓட்ட வேண்டியதுதானே என்றேன். அப்படியெல்லாம் வேலை செய்யக் கூடாது என்றான். சுவிட்சை மாற்றினான். பிறகு வேறு சுவிட்ச். பிறகு காந்தம் வைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சீண்டினால் நிமிரக்கூட மாட்டான்.

நெவேனா மாசத்துக்கு ஒரு தடவை கராஜ் கதவில் தட்டுவாள். கோபமெல்லாம் இல்லை.

"லியூபென், என் அச்சு என்ன ஆச்சு?"

"சுவிட்ச் மாத்திட்டிருக்கேன். ஒரே வாரம்."

"கோல்யோ, நீ சாட்சி," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியேறிப் போவாள்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள். தலைக்குள் நரம்பு வெடித்ததாகச் சொன்னார்கள். அதே மாடியில் இருக்கும் அவள் தங்கை ஸ்டான்கா கராஜுக்கு ஓடிவந்து கத்தியபோது லியூபென் வயர் பற்றவைக்கும் சூட்டுக் கோலோடு வெளியே வந்தான். உடனே உள்ளே திரும்பிப் போய், பிளக்கைப் பிடுங்கி, கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பிறகுதான் மாடிக்கு ஓடினான். பல பேர் இதைத் தப்பாகப் பேசினார்கள். எலக்ட்ரீஷியன் அப்படித்தான் செய்வான். எனக்கு அதில் குறை இல்லை.

அடக்கத்தில் அவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கம்பி சுற்றிய அச்சை ஸ்டான்கா அக்காவின் சவப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள். நாற்பதாம் நாள் ரொட்டி பேக்கரியிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்து நெவேனாவின் தலைமாட்டில் வைத்தபோது எங்கள் கட்டடத்துப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சுட்டவளுக்குக் கடை ரொட்டி. அப்போதுதான் லியூபென் வாயைத் திறந்து, ஆறாம் மாசத்துக்கு அச்சு நான் தருகிறேன் என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

மறுநாளே மெஷினை மொத்தமாகப் பிரித்துவிட்டான். பழைய கணினியையும் மெஷினை ஓட்டுகிற பச்சை போர்டையும் கழற்றி மூலையில் வைத்தான். புது போர்டு, புது மின்பெட்டி, உலோகம் கிட்டே வந்தாலே உணர்கிற புது சுவிட்சுகள், கவசம் போட்ட கேபிள். வயர் அறுந்தாலே மெஷின் நிற்கிற மாதிரி இணைப்பை மாற்றினான். ஆபத்தில் தட்டி நிறுத்த உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான். ஒவ்வொரு வயருக்கும் எண் ஒட்டினான். ஏப்ரல் போயிற்று, ஜூலையும் போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று படிக்கட்டில் பெண்கள் பேசியது அவன் காதிலும் விழுந்திருக்கும்.

நான் கேபிளின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தினமும் ஒரே பயற்றங்காய் சூப்பை அடுப்பில் சுடவைத்துக் குடித்தான். உப்பு இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். தெரியவில்லை என்றான்.

"பல்லு புடுங்க ஊசி போடுவாங்கல்ல, அப்படி இருக்கு. கடிச்சாக்கூட என் ஒதடுன்னு தெரியல."

"அழுது தொலைடா."

"வந்தாத்தானே."

அப்புறம் பதினேழாம் வயரின் முனையைக் கேட்டான். கொடுத்தேன்.

செப்டம்பர் வந்தது. சனிக்கிழமை கல்லறைக்குப் போக வேண்டும். ஆறாம் மாசத்துக்கான அறிவிப்பு, நெவேனாவின் படத்தோடு, கட்டடத்து வாசல் கதவில் ஒட்டியாகிவிட்டது. புதன்கிழமை ஸ்டான்கா கராஜ் வாசலில் வந்து நின்றாள். ரொட்டி சுடப்போவது அவள்தான்.

"அத்தான், நீங்க முடிக்க மாட்டீங்க. கடையில வாங்கிடறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடறேன்."

"அக்காகிட்டயும் இதத்தான் சொன்னீங்க."

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை மதியம் வரை பார்க்கிறேன், பிறகு கடைதான் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டான்காவின் சமையலறைக்கு லியூபென் ஒரு அச்சோடு வந்தான். நானும் இருந்தேன். பேரி மரம், வழுவழுவென்று தேய்த்திருந்தான். ஸ்டான்கா ஒரு உருண்டை மாவைத் தட்டி அதன் மேல் அழுத்தி எடுத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி இருந்தது. அச்சென்றால் மரத்தில் திருப்பிச் செதுக்கினால்தான் மாவில் நேராக விழும். அது லியூபெனுக்குத் தெரியாதா? படத்தைத் திருப்பித்தான் போட்டிருக்கிறான். மெஷின் அதை இன்னொரு முறை திருப்பிவிட்டது.

அவன் மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மோட்டாரின் வயரை மாற்றிச் செருகியிருக்கிறேன் என்று கடைசியில் சொன்னான். ஒரு மாசம் முன்பு சோதித்தபோது மெஷின் சுவிட்சைத் தேடி எதிர்ப் பக்கம் ஓடியிருக்கிறது. பெட்டியைத் திறந்து வயரைத் திருப்ப நாலு திருகு கழற்ற வேண்டும். அதற்குப் பதில் சுவிட்சைத் தேடும் திசையை மட்டும் கணினியில் மாற்றி வைத்துவிட்டான். மெஷின் சுவிட்சைச் சரியாகக் கண்டுபிடித்தது. மற்றதெல்லாம் இடம் வலம் மாறியே ஓடியது. ஐந்து மாசம் நுணுக்கமாக வேலை பார்த்தவன் நாலு திருகில் மிச்சம் பிடித்திருக்கிறான். ஸ்டான்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மாவைப் பிசைந்து மறுபடி உருட்டிவிட்டு, நாளை மதியம் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை நானும் கராஜில் இருந்தேன். நாலு திருகையும் கழற்றி வயரைத் திருப்பினான், கணினியில் மாற்றியிருந்த திசையையும் பழையபடி வைத்தான். புது பேரிக் கட்டையை மேஜையின் நடுவில் இறுக்கினான். ஓட்டும் பொத்தானை அழுத்தினான். மெஷின் மூலைக்குப் போய் சுவிட்சை ஒரு தடவை பார்த்துவிட்டு நடுவுக்கு வந்து செதுக்க ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் உதிரிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பார்த்தோம். சிலுவை வந்தது. எழுத்து ஒவ்வொன்றாக, திரும்பினபடி, வரவேண்டிய விதத்தில் வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. கத்தி மேலே எழுந்து நின்றபோது மணி பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. அச்சு உள்ளங்கை அகலம்தான். செதுக்கும்போது மேஜையின் நடுவில் அந்த அளவுக்கு மேல் கத்தி எங்கேயும் போகவே இல்லை.

"ஏண்டா, செதுக்கறப்ப அந்த சுவிட்ச் பக்கமே போகலியே இது. சுவிட்சக் கழட்டிப் போட்டிருந்தா பழசே போதுமே இதுக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. அவள் இருக்கும்போதே செய்து கொடுத்திருக்கலாம் என்று ஆறு மாசமாகக் கட்டடமே அவன் முன்னால் விழுங்கிக்கொண்டிருந்ததை நான் கராஜில் உட்கார்ந்து கொட்டிவிட்டேன்.

லியூபென் கட்டையை மேஜையிலிருந்து விடுவித்தான். தூரிகையால் மரத்தூளைத் தள்ளினான். எழுத்துகளின் உள்மூலைகளில் இருந்ததைக்கூட ஒன்று விடாமல் ஊதி எடுத்தான்.

"தெரியும்," என்றான். "மொத வருஷமே தெரியும்."

கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் துடைத்தான்.

"அவ கேட்டுக்கிட்டே இருப்பான்னு நெனச்சேன், கோல்யோ."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மெஷினை அணைத்தான். அச்சை ஒரு சுத்தமான துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான்.

"நீயே கொண்டுபோய் ஸ்டான்காகிட்ட குடுத்துடு. என்னால படியேற முடியல."

மூன்று மாடிதான். தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிற படிதான். முழங்காலில் அவனுக்கு ஒரு வலியும் கிடையாது. சரி என்று வாங்கிக்கொண்டு, கராஜ் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, மேலே போனேன்.